நடைச்சுவர்

அப்பா இன்று வருகிறார்.

காலையில் கண் விழித்ததிலிருந்து மூத்தவளின் மனத்தில் இந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பல் துலக்கும்போதும் அதுதான். ஜன்னல் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தபோதும் அதுதான். கண்ணாடியில் பொட்டுக் கறை இல்லை. இருந்தாலும் துடைத்தாள். கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போய்விடும் என்று பயம்.

சென்ற வாரம் கொத்தனார் சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே இங்க எனக்கு வேலை இல்லம்மா, உங்களுக்குத்தான் வேலை" என்று சிரித்தபடி படியிறங்கிப் போனதும், அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாளே, அந்த அழுகைக்குக் காரணம் அவளுக்கே விளங்கவில்லை. அம்மா இறந்தபோது அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுது முடித்துக் கிளம்பிப் போன பிறகு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சுவரை அளக்க ஆரம்பித்தவள் அவள்.

பழைய கட்டடங்களின் முகம் மாறாமல் உள்ளே வசதி செய்து கொடுப்பது அவள் தொழில். எத்தனையோ பேர் வீட்டு இருட்டை விரட்டியிருக்கிறாள்.

அப்பாவும் அம்மாவும் குடியிருந்த இந்த வீடு மூன்றாம் மாடியில், ரயில்பெட்டி மாதிரி நீண்டு ஒடுங்கிக் கிடக்கும். தெருப்பக்கம் ஆளுயர ஜன்னல்களோடு முன்னறை. பின்பக்கம் சமையலறை. இரண்டையும் சேர்ப்பது ஒரு நீளமான நடை. அதன் ஒரு பக்கம் கட்டடத்தின் கனத்த சுவர். மறுபக்கம், படுக்கையறையை மறைத்துக்கொண்டு நின்ற தடுப்புச் சுவர். உச்சிப் பகலிலும் அந்த நடையில் எதிரே வருவது யார் என்று குரல் கொடுத்தால்தான் தெரியும்.

அம்மா அங்கே விளக்குப் போடமாட்டாள். "எனக்குத் தெரியாத நடையா?" என்பாள். ஒரு நாள் ஈரத்துணி வாளியோடு வந்தவள் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்த அப்பாவின் நினைவு, அதற்குப் பிறகு மளமளவென்று உதிர்ந்தது.

"அந்தச் சுவர் இருக்கக்கூடாது" என்று அன்றைக்கே முடிவு கட்டினாள் மூத்தவள். அப்பாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

வேலை என்றால் வெறும் இடிப்பு வேலை இல்லை. கட்டடத்துக்கு அவளுடைய தாத்தாவைவிட வயது அதிகம். கதவுகளுக்கு மேலே இருந்த அரைவட்டக் கண்ணாடிகளை யாரோ, எந்தக் காலத்திலோ, சாயம் பூசி மூடியிருந்தார்கள். சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து இளம் பச்சையும் தேன் நிறமும் வெளியே வந்தன. கூரை விளிம்பில் ஓடிய சுண்ணாம்புக் கொடி வேலைப்பாட்டைத் தொடவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டினாள். பூப்போட்ட பழைய தரைக்கற்களை அப்படியே விட்டாள். சுவர் எழுந்து நின்ற இடத்தில் மட்டும் கல் இல்லை. அங்கே அதே மாதிரி போலிக் கல் செய்து ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு பட்டையாகக் கல் பதித்தாள். இங்கே ஒரு சுவர் இருந்தது என்று தரைக்காவது தெரியட்டும் என்று.

கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள். ஜன்னலுக்குக் கீழே, உட்காரவும் சாமான் வைக்கவுமாக ஒரு பெட்டிப் பலகை. வெளிச்சம் பின்பக்கம்வரை போய்ச் சேருவதற்காகச் சமையலறைப் பக்கத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. வீடு அதே அளவுதான். ஆனால் நடுவில் நின்றால் மூச்சு தாராளமாக வந்தது.

கீழே டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மூத்தவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தம்பி ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அப்பாவுமாக இறங்கிக்கொண்டிருந்தான். வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இன்றைக்கு விடுப்பு சொல்லியிருந்தான். அப்பாவின் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். தம்பி மனைவியாகத்தான் இருக்கும்.

அவள் தடதடவென்று படியிறங்கிப் போனாள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் பாதி மறந்துபோன பிறகும் அந்த வேலை மட்டும் மறக்கவில்லை. படியேறும்போது பின்னால் திரும்பிப் பார்த்து, ஆளில்லாத படிக்கட்டுக்கு உத்தரவு போட்டார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

"போய்ட்டே இருக்கோம்ப்பா" என்றான் தம்பி. அவன் குரலில் சலிப்பு இல்லை. சலிப்பையெல்லாம் தாண்டி வந்துவிட்ட குரல் அது.

இரண்டாம் மாடியில் தையலம்மா வாசலில் நின்றிருந்தாள். மூத்தவள் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவள். தனிக்கட்டை. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட்டும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுப்பவள். அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கண்டக்டர் சார்! வந்துட்டீங்களா? நீங்க இல்லாம கட்டடமே வெறிச்னு இருந்துச்சு."

அப்பா அவளைப் பார்த்துக் கும்பிட்டார். யாரென்று தெரியாதவர்களுக்கு வைக்கும் கும்பிடு அது. தையலம்மா கவனித்தாள். ஆனாலும் சிரிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாடி வந்தது. மூத்தவள் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் வெயில் முன்னறையைக் கடந்து, சுவர் நின்ற இடத்தைக் கடந்து, சமையலறை வாசல்வரை தடையே இல்லாமல் ஓடிக் கிடந்தது. அரைவட்டக் கண்ணாடியின் பச்சை ஒரு துண்டாகத் தரையில் விழுந்திருந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் இத்தனை மாதம் தூசி தின்றாள்.

அப்பா வாசலிலேயே நின்றார். கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, ஓரமாக, ஜோடி பிசகாமல் வைத்தார்.

மூத்தவள் அந்தச் செருப்புகளையே பார்த்தாள். அப்பா தன் வீட்டில் ஒரு நாளும் செருப்பை அப்படி வைத்ததில்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று உதறுவார். அம்மா வைதுகொண்டே ஒதுக்கிவைப்பாள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால்தான் அவருக்கு இந்த ஒழுங்கு வரும்.

"வாங்கப்பா, உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா. வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

தம்பி அவளைப் பார்க்காமல் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

"நீங்கதான்ப்பா பெரியவர். இது நம்ம வீடு. பாருங்க, உங்க நாற்காலி."

நாற்காலி பழையதுதான். பிரம்பைக்கூட மாற்றவில்லை. அப்பா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நுனியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் உட்காருவது போல இருந்தது.

"நல்லா இருக்கும்மா வீடு" என்றார் மரியாதையாக. "ரொம்ப வெளிச்சமா இருக்கு. இப்படி வெளிச்சம் கிடைக்கணுமே."

மூத்தவள் தொழிலில் எத்தனையோ பேர் இப்படிப் பாராட்டியிருக்கிறார்கள். இதே வார்த்தைகளில்கூட. அப்போதெல்லாம் நன்றி சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்ததும் வராததுமா என்ன தெரியும்? பழகணும்ல" என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள்.

தம்பி தலையசைத்தான். "ம்."

கொஞ்ச நேரம் கழித்து அப்பா பாத்ரூம் போக எழுந்தார். அது சமையலறைக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே இருந்தது. யாரும் வழி சொல்லவில்லை. அவர் கால்களே சரியான பக்கம் திரும்பின. மூத்தவளுக்குச் சட்டென்று உயிர் வந்தது. தம்பியின் கையைப் பிடித்து, "பாரு, பாரு" என்றாள்.

அப்பா வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துப் பக்கவாட்டில் நீட்டினார்.

கை காற்றில் போனது.

இன்னும் கொஞ்சம் நீட்டினார். இன்னும் கொஞ்சம். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கால் அந்தச் சாம்பல் பட்டைக்கு முன்னால் தயங்கி நின்றுவிட்டது. கை மட்டும் தண்ணீரில் துழாவுவது போலத் துழாவியது.

மூத்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சுவரை இடிப்பதற்கு முன்னால் அதில் தோள் உயரத்தில் ஒரு கருத்த கோடு நீளமாக ஓடியது. எண்ணெய் ஏறிப் பளபளவென்று இருந்தது. "எவ்வளவு அழுக்குப் பாருங்க" என்று கொத்தனாரிடம்கூடச் சொன்னாள். அவரும் "ஆமாம்மா" என்றார். அது அழுக்கில்லை. அப்பாவின் உள்ளங்கை. இத்தனை வருஷமாக அந்த நடையில் அவர் கண்ணால் நடக்கவில்லை, கையால் நடந்திருக்கிறார்.

"கம்பி எங்கம்மா?" என்றார் அப்பா. குரலில் பதற்றம் ஏறிவிட்டது.

"எந்தக் கம்பிப்பா?"

"பிடிச்சுக்கற கம்பி. வண்டி ஓடிட்டிருக்கு, கம்பி இல்லாம எப்படி நடக்கறது? விழுந்துட மாட்டேனா?"

தம்பி பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தான். அப்பா அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். அவர் விழக்கூடாது என்றுதான் அவள் சுவரை எடுத்தாள். இப்போது பிடிக்க எதுவும் இல்லாமல் அவர் நடுங்கிக்கொண்டு போனார்.

சமையலறைப் பக்கம் போனதும் அப்பா மறுபடியும் நின்றார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் வெள்ளை முடியோடு ஒரு வயதானவர், ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றார்.

"அந்தப் பெரியவர் ரொம்ப நேரமா நின்னுட்டே வரார்" என்றார் அப்பா. "யாராவது எழுந்து இடம் குடுங்கப்பா. பாவம்."

தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவர்கள் திரும்பி முன்னறைக்குப் போனதும் மூத்தவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து கண்ணாடிமேல் போட்டு மூடினாள். பின்பக்கம் பழையபடி மங்கியது. அவள் அங்கேயே, ஒரு நிமிஷம், போர்வையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

மதியம் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பழைய கதை ஒன்று சொன்னார். மழை நாளில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காக வழியை மாற்றி வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திய கதை. பிள்ளைகள் இருவரும் நூறு தடவை கேட்டது. முதல் தடவை கேட்பது போலவே கேட்டார்கள். "அப்புறம் என்ன பொறந்துச்சுப்பா?" என்று தம்பி கேட்க, "அது எனக்கெப்படித் தெரியும்? நான் டிக்கெட் குடுக்கறவன்" என்று அப்பா சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். மூத்தவளுக்கு நம்பிக்கை துளிர்த்தது. நாலு நாள் போனால் சரியாகிவிடும். மறுபக்கத்துக் கனத்த சுவரோரமாக ஒரு கைப்பிடி அடித்துவிடலாம். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

கை கழுவிவிட்டு வந்த அப்பா சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரிம்மா. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் கிளம்பறேன்."

"எங்கப்பா?"

"வீட்டுக்குத்தான். நேரமாச்சுல்ல. அவ தனியா இருப்பா." குரலைத் தாழ்த்திச் சொன்னார், ரகசியம் போல. "பிடிவாதக்காரி. நடையில லைட்டுகூடப் போடமாட்டா. இருட்டுலயே நடப்பா. நான் போய்த்தான் போடணும்."

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். என்ன சொல்ல முடியும்? தம்பிதான் சமாளித்தான். "வெயில் தாழட்டும்ப்பா. நானே கொண்டுபோய் விடறேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க." அப்பா ஒத்துக்கொண்டார். நல்ல விருந்தாளி வீட்டுக்காரர்களைச் சங்கடப்படுத்தமாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அக்காவும் தம்பியும் சமையலறைக்கு வந்தார்கள். மூத்தவள் குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமலிருக்க.

"பழகிடுவார்டா" என்றாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன்."

"இடமா? என்ன இடம்?"

"வயசானவங்களை வெச்சுப் பார்த்துக்கற இடம். போய்ப் பார்த்தேன். சுத்தமா இருக்கு. நல்லா பேசறாங்க. ஒரு கட்டில் காலியா இருக்கு, இன்னைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு சொன்னாங்க."

"எப்போ போய்ப் பார்த்த?"

"நீ கண்ணாடியில சாயம் சுரண்டிட்டு இருந்தப்போ."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"உனக்குச் சுமையா இருந்தா நான் பார்த்துக்கறேன்னு சொல்லித்தானே இந்த வீட்டையே..."

"சுமைன்னு நான் சொன்னேனா?" தம்பியின் குரல் உயர்ந்தது; உடனே அடங்கியது. "ராத்திரி எழுந்து கதவைத் திறந்துட்டுப் போயிடறார்க்கா. என் வீட்டுக்காரி வாசக்கதவுகிட்ட தலைகாணி போட்டுப் படுத்துக்கறா. ஒரு வார்த்தை முகம் சுளிச்சதில்ல. நான்தான் தாங்கமாட்டாம போய்ப் பார்த்தேன். ஆனா நீ வீடு ரெடி, வீடு ரெடின்னு அவ்ளோ ஆசையா சொன்னப்போ, சரி, நம்ம வீட்டுக்கு வந்தா தெளிஞ்சிடுவார்னு நானும் நம்பினேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் நம்பினேன்."

"நாலு நாள்கூட ஆகலடா. நாலு மணி நேரம்கூட ஆகல."

"அக்கா, கோவிச்சுக்காத. நீ இந்த வீட்டை அப்பாவுக்காகச் செய்யல. அம்மா விழாம இருக்கறதுக்காகச் செஞ்சிருக்க."

மூத்தவள் குழாயை மூடினாள். அவனை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, அவன் தோளில் சாய்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் நின்றதும்தான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

"அப்பா?" என்று கூப்பிட்டாள்.

இப்போது சமையலறையில் நின்றபடியே முன்னறை முழுவதும் தெரிந்தது. மறைக்க ஒரு சுவர் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. செருப்பு வைத்த இடத்தில் செருப்பு இல்லை.

தம்பி கீழே ஓடினான். "பஸ் ஸ்டாப்புக்குத்தான் போயிருப்பார்!" என்ற அவன் குரல் படிக்கட்டில் உருண்டு இறங்கியது. மூத்தவள் முதலில் மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கே துணிகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிக் கீழே பார்க்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பிறகுதான் திறந்தாள். கீழே ஒன்றுமில்லை. தள்ளுவண்டி ஒன்று, சைக்கிள்கள், நடந்து போகிறவர்கள். தம்பி தெரு முனையில் யாரையோ நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி அப்பாவின் உயரத்தைக் காட்டினான்.

அவள் ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தாள். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். குரல் போகப் போகச் சின்னப் பெண்ணின் குரலாகிக்கொண்டு வந்தது.

இரண்டாம் மாடியில் தையலம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. காற்றுக்காக மதியத்தில் திறந்தே வைப்பாள். தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. வாசலில் தையலம்மா நின்றுகொண்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"பதறாத. இங்கதான் இருக்கார்."

"எப்போ வந்தார்?"

"கொஞ்சம் முன்னாடிதான். நேரா உள்ள வந்துட்டார். வந்த வேகத்துல செருப்பை உதறினார் பாரு, ஒண்ணு அந்த மூலைல கிடக்கு. ஒண்ணும் கேக்கல. உள்ள போய் உக்காந்துட்டார். உன்னைக் கூப்பிட வரலாம்னு பார்த்தேன், விட்டுட்டு வர பயமா இருந்துச்சு."

மூத்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அதே வீடு. கட்டடம் முழுவதும் ஒரே வார்ப்புதானே. மேலே அவள் இடித்த சுவர் இங்கே இடியாமல் நின்றது. நடையில் துணிமூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன பெஞ்சு. அந்த இருட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி. வலது உள்ளங்கை சுவரில் படிந்திருந்தது.

அவள் சத்தமில்லாமல் போய்ப் பக்கத்தில் நின்றாள். முகம் தெரியாத இருட்டு. அவளுடைய வளையல்கள் ஒன்றோடொன்று உரசின.

"யாரு, வாலுவா?" என்றார் அப்பா.

மூத்தவள் பெஞ்சு நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவளை அப்பா அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! காலையிலிருந்து அத்தனை வெளிச்சத்தில் முகத்துக்கு முகம் பார்த்தும் அவர் அவளைத் தெரிந்துகொள்ளவில்லை.

"ஆமாம்ப்பா. வாலுதான்."

"வா, உக்காரு. ஏன் நிக்கற?" நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் தோள் சூடாக இருந்தது. "வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"எந்த வேலைப்பா?"

"நீ ஏதோ ஒரு வீடு செஞ்சிட்டிருந்தியே. இடிக்கறேன், கட்டறேன்னு வீட்டுப் பக்கமே வராம."

"முடிஞ்சுதுப்பா."

"யார் வீடு?"

அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பழகியதும் சுவரின் நிறம் தெரிந்தது, மூட்டைகளின் ஓரம் தெரிந்தது.

"ஒரு பெரியவர் வீடுப்பா."

"அவருக்குப் பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சிருந்துது. ரொம்ப வெளிச்சமா இருக்குன்னு சொன்னார்."

"அப்புறம் என்ன? கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார் அப்பா. அவள் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார். "நீ எதைச் செஞ்சாலும் ஒழுங்கா செய்வ."

மூத்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகை வந்தது. அம்மாவுக்காக அன்றைக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்தது. இருட்டில் யாருக்கும் தெரியாது என்பதே ஆறுதலாக இருந்தது. இந்த நடையை அவள் ஒரு எதிரியாகத்தான் நினைத்திருந்தாள். அம்மாவைக் கொன்ற நடை. ஆனால் அப்பாவுக்கு அம்மா இருக்கும் இடமும் இது ஒன்றுதான்.

படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தம்பி வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே சரிந்து உட்கார்ந்தான். அவன் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

"அங்கிருந்துதான்க்கா. என்ன சொல்லட்டும்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். போன் அதிர்ந்து அதிர்ந்து தானாக நின்றது.

தையலம்மா இதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். வந்தவர்களுக்கு ஒரு வாய் டீயாவது கொடுக்கவேண்டும் என்று நினைத்திருப்பாள். அடுப்புச் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம், கரண்டி கலக்கும் சத்தம். அப்பா தலையைச் சாய்த்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் அவள் வந்து நின்றாள். பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம். முகம் தெரியவில்லை. நரைத்த தலை, இழுத்துச் செருகிய முந்தானை, கையில் டம்ளர், இவ்வளவுதான் தெரிந்தது.

"இந்தாங்க" என்றாள்.

டீயை நீட்டும்போது யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அம்மா அப்பாவை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடைசிவரை அவள் அவரைக் கூப்பிட்டது இந்த ஒரு வார்த்தையால்தான். இப்படி ஒரு நடையின் அந்தக் கோடியிலிருந்துதான்.

அப்பா எழுந்தார். யாருடைய தோளும் தேவைப்படவில்லை. உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தபடி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், மூட்டைகளுக்கு இடையில் நேராக நடந்து போனார். அவள் முன்னால் போய் நின்றார். டம்ளரை வாங்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிட்ட, இத்தனை நாளா?"

தையலம்மாவின் டம்ளரில் டீ தளும்பியது. அப்பாவின் தோளுக்கு மேலாக அவள் கண்கள் மூத்தவளைத் தேடின. என்ன சொல்லட்டும் என்று கேட்டன.

மூத்தவள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றாள்.

அப்பா கையை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.